நெட் போனதா? நான் போனேனா?



குறுவட்டப் போட்டிக்குப் பழகணும்னு பி.டி. சார் என்னையும் என் தோழியையும் செஸ் விளையாடச் சொல்லியிருந்தார். அவள் பக்கத்து ஊர். மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். அதனால் ராத்திரி ஏழரை மணிக்கு நெட்டில் விளையாடுவோம். அவள் அவங்க அப்பா போனில் ஆடுவாள். நான் பெரியப்பா வீட்டில் அண்ணனுடைய பழைய லேப்டாப்பில் ஆடுவேன். அது அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது.

நன்றாகப் போகும் ஆட்டம் திடீரென்று நின்றுவிடும். குதிரையை நகர்த்தினால் நகராது. கடிகாரம் மட்டும் ஓடும். சில நாள் இணைப்பே போய்விடும். ஒருநாள் காலையில் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவள், "தோக்கப் போறோம்னு தெரிஞ்சா இவ நெட்டை ஆஃப் பண்ணிடறா" என்று சொல்லிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு நாள் பேசவில்லை. சத்துணவு வரிசையில்கூடத் தள்ளித் தள்ளி நின்றோம்.

அண்ணனிடம் சொன்னேன். "அழாத பாப்பா. லைன் எந்த இடத்துல அறுந்து போகுதுன்னு பாத்துடலாம்" என்றார்.

நெட்டில் நாம் அனுப்புவது மொத்தமாகப் போகாதாம். சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரிந்து போகுமாம். அதற்குப் பெயர் பாக்கெட். வழியில் சில பாக்கெட் தொலைந்தால் அது பாக்கெட் லாஸ். தொலையாமல் தாமதமாகப் போனால் அது லேக். செஸ்ஸில் பாக்கெட் தொலைந்தால் கம்ப்யூட்டர் திரும்ப அனுப்பும். அதனால் நம் காய் காணாமல் போகாது, லேட்டாகத்தான் போகும். ஓடிப் பிடித்துச் சுடும் விளையாட்டுகளில் பெரும்பாலும் தொலைந்ததை விட்டுவிட்டு அடுத்ததை அனுப்பும். அதனால்தான் இங்கே நின்ற ஆள் திடீரென்று அங்கே போய் நிற்கிறான்.

அண்ணன் லேப்டாப்பில் ஒரு கருப்பு ஜன்னலைத் திறந்து 'பிங்' என்று அடித்தார். பிங் என்பது ஒரு சின்னப் புரோகிராம். 1983-இல் அமெரிக்காவில் மைக் மூஸ் என்பவர் எழுதியது. கடலுக்குள் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிக்க ஒலியை அனுப்பி எதிரொலி வருகிறதா என்று கேட்பார்கள் அல்லவா? அந்தச் சத்தத்தைத்தான் இதற்குப் பெயராக வைத்தார். இதுவும் "இருக்கியா?" என்று கேட்டு, "இருக்கேன்" என்று பதில் வர எத்தனை மில்லி செகண்ட் ஆச்சு என்று சொல்லும். ஒரு செகண்டில் ஆயிரம் மில்லி செகண்ட்.

"முதல்ல வெளிய போகாத. வீட்டுக்குள்ள இருந்து ஆரம்பி" என்றார் அண்ணன். வீட்டில் இருக்கும் ரவுட்டருக்கு 192.168.1.1 என்று எண். அதற்கு நூறு தடவை பிங் போட்டோம். நூறில் 23 பதில் வரவே இல்லை! நெட் கம்பெனிக்குப் போவதற்கு முன்னாலேயே, வீட்டுக்குள்ளேயே தொலைகிறது. எழுந்து போய்ப் பார்த்தால், வெள்ளையடிக்கும்போது பெரியம்மா ரவுட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பைத் தாண்டிப் போக அதற்குக் கஷ்டம். ரவுட்டரை எடுத்து ஜன்னலுக்கு மேலே ஆணி அடித்து மாட்டினோம். மறுபடி நூறு பிங். ஒன்றுகூடத் தொலையவில்லை. பதில் 3 மில்லி செகண்டில் வந்தது.

ஆனால் ராத்திரி ஏழரைக்கு மறுபடி ஆட்டம் இழுத்தது. இந்தத் தடவை வெளியே 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் போட்டேன். அது கூகுளின் சர்வர். காலையில் 30 காட்டியது, ராத்திரி 400 காட்டியது. ரவுட்டருக்குப் போட்டால் அதே 3 தான். அப்படியென்றால் வீட்டுக்குள் சரி, வெளியே போகும் வாசலில்தான் நெரிசல். அண்ணனுக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ணும் வேலை. தினமும் ஏழரைக்குத்தான் பெரிய பெரிய வீடியோவை நெட்டில் ஏற்றுவார். ஒற்றை ரோட்டில் செங்கல் லாரி முன்னால் போனால் பின்னால் வரும் சைக்கிளும் காத்துக் கிடக்கணும். என் காய்தான் அந்த சைக்கிள். அண்ணன் நாக்கைக் கடித்துக்கொண்டு, "திருடன் நான்தானா பாப்பா!" என்று சிரித்தார். இப்போது பத்து மணிக்கு மேல்தான் ஏற்றுகிறார்.

ஒன்றை மட்டும் யாராலும் குறைக்க முடியாது. அது தூரம். கண்ணாடி இழையில் வெளிச்சம் செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சர்வர் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர எப்படியும் 30 மில்லி செகண்ட் ஆகிவிடும்.

எங்கள் சண்டை மாதிரியே பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. 2020-இல் கொரோனா சமயத்தில் செஸ் ஒலிம்பியாட்டை நெட்டில் நடத்தினார்கள். கால் இறுதியில் இந்தியாவும் ஆர்மீனியாவும் மோதின. நிஹால் சரினோடு ஆடிய ஆர்மீனிய வீரருக்கு நெட் போய்விட்டது. எங்கள் தவறு இல்லை என்று ஆர்மீனியா முறையிட்டது. ஏற்கவில்லை. கோபத்தில் அவர்கள் விலகிவிட்டார்கள். இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 30-இல், ரஷ்யாவோடு இறுதிப் போட்டி. இந்தத் தடவை நெட் போனது நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும்! இரண்டு பேரும் நேரம் முடிந்து தோற்றார்கள். இந்தியா முறையிட்டது. கடைசியில் இரண்டு நாட்டுக்கும் தங்கம் என்று அறிவித்தார்கள். முதல் நாள் எதிராளிக்கு நடந்தது மறுநாள் நமக்கும் நடக்கும் என்று நான் அதில் தெரிந்துகொண்டேன்.

பிங் எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதித் தோழியிடம் நீட்டினேன். அவள் நிதானமாகப் படித்தாள். "எங்க வீட்டுலயும் உள்ரூம்ல ஒரு கோடுதான்டி சிக்னல் காட்டும், திண்ணையில நல்லா இருக்கும்" என்றாள். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவள் லேட்டாக ஆடும்போதெல்லாம், யாரையோ கேட்டுக் கேட்டு ஆடுகிறாள் என்று நானும் மனசுக்குள் நினைத்திருந்தேன். அவள் வாய்விட்டுச் சொன்னாள், நான் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொன்றும் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதக் கை வரவில்லை. அந்தத் தாளில் வராத ஒரு நாள் உண்டு. அன்று என் ராணி வெட்டுப்பட்டது. நெட் நன்றாகத்தான் இருந்தது. நானேதான் வைஃபையை அணைத்தேன். பதினெட்டு இருபது நாள் நெட் போனது உண்மை. அந்த ஒரு நாள் பொய். அந்த ஒரு பொய்யால் மற்ற நாள் உண்மையும் பொய்யாகிவிட்டது.

அவள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அந்த ஆட்டத்தை விட்ட இடத்துல இருந்து ஆடணும்" என்றாள். சார் ரூமில் இருந்த போர்டை எடுத்து வந்து வேப்பமரத்தடியில் காய்களை அதே மாதிரி அடுக்கினாள். ஒரு சிப்பாய் இடம்கூட அவள் மறக்கவில்லை. பன்னிரண்டு நகர்த்தலில் நான் தோற்றேன். அன்று சத்துணவுக்குச் சேர்ந்தே போனோம்.

தோழிகளே, ஆட்டம் நின்றால் முதலில் வீட்டுக்குள் பாருங்கள், அப்புறம் வாசலைப் பாருங்கள், அதற்கும் அப்புறம்தான் எதிராளியைப் பாருங்கள். லைனில் கோளாறு இருந்தால் பிங் காட்டிக் கொடுக்கும். நம்மிடம் கோளாறு இருந்தால் நாம்தான் சொல்லணும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி