கொலுவுக்கு ஒரு சென்சார்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2018, காலேஜ்ல மூணாம் வருஷம், மினி ப்ராஜெக்ட். ஒரு ஆர்டுயினோ, ஒரு பி.ஐ.ஆர். சென்சார், ஒரு ரிலே. கொலு முன்னாடி யாராவது வந்தா சீரியல் லைட் எரியும். அசைவு நின்னு 30 செகண்ட் ஆனா அணைஞ்சிடும்.

சுண்டலுக்கு வந்த வாண்டுகள் கையை ஆட்டி ஆட்டி எரிய விட்டதுல எனக்குத் தலைகால் புரியல.

எல்லாரும் போனப்புறம் பாட்டி நாற்காலி போட்டு, கொலுவையே பார்த்துட்டு அசையாம உட்கார்ந்தாங்க. டப்புனு இருட்டு.

"ஏன்டா, நான் இருக்கறது இதுக்குத் தெரியலையா?"

பி.ஐ.ஆர். ஆளைப் பார்க்காது பாட்டி, உடம்புச் சூடு இடம் மாறுறதைத்தான் பார்க்கும்னு விளக்கினேன். "அப்போ சும்மா இருக்கறவங்க கணக்குல இல்லையா"ன்னு சிரிச்சாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல. நான் டெஸ்ட் பண்ணினப்ப எல்லாம் நடந்துட்டேதான் இருந்தேன். சும்மா உட்கார்ந்து பார்க்கவும் ஒருத்தங்க வருவாங்கன்னு தோணவே இல்ல.

கோடுல 30-ஐ 300 ஆக்கினேன். அவ்ளோதான்.

பாட்டி இப்ப இல்ல. கொலுவுல லைட் இன்னும் 5 நிமிஷம் எரியுது. கரண்ட் வேஸ்ட்தான், குறைச்சிடலாமேன்னு போன வருஷம் கேட்டேன். அம்மா விடல.