பேர் மட்டும்தான் போர்ச்சுக்கல்!

ஸ்ரீவைகுண்டத்தில் எங்க ஆபீசுக்கு யார் மாற்றலாகி வந்தாலும், பக்கத்து சீட் பெர்னாண்டோவிடம் கேட்கும் முதல் கேள்வி: "சாருக்குப் பூர்வீகம் லிஸ்பனா?"

"இல்லை சார், புன்னைக்காயல். இந்த அணைக்கட்டைத் தாண்டிப் போற தாமிரபரணி கடல்ல சேருதே, அந்த ஊர்!"

பத்துப் பேர் கேட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "ஒருவேளை முப்பாட்டன் வெள்ளைக்காரனோ?" என்று அவரே ஒருநாள் ஆரம்பித்தார். சரி, விசாரிப்போம் என்று கிளம்பினோம்.

விஷயம் இதுதான். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள், எதிரிகளின் தொல்லை தாங்காமல் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்போது வந்து ஒட்டிக்கொண்டவைதான் பெர்னாண்டோ, கோமஸ், மச்சாடோ எல்லாம். ஆகவே, பேர் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டு பெர்னாண்டோக்கள் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். வம்சம் தேட வேண்டுமென்றால் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். அதில் அப்பா, அம்மா, ஞானப் பெற்றோர் என்று ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போகலாம்.

வேடிக்கை என்னவென்றால், இங்கே தமிழர்கள் போர்ச்சுக்கீசியப் பேர் வாங்க, அங்கிருந்து வந்த ஹென்ரிக் ஹென்ரிக்ஸ் பாதிரியார் தமிழ் கற்று, 1578ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்று தமிழ்ப் புத்தகமே அச்சடித்தார்! 1600ல் காலமானதும் இந்தக் கடற்கரையில்தான்.

நண்பரின் ஆச்சிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. வெற்றிலையை மடித்தபடி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பேருதாம்ல கப்பல்ல வந்துச்சி... நாம எப்பவும் இந்தக் கரைதான்!"