மீந்த நூலில் ஒரு சுருக்குப்பை

‘நூல்’ என்ற ஒரே சொல்லை ஏட்டிற்கும் இழைக்கும் பொதுவாக வைத்தவர் தமிழர். நன்னூல் தந்த பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவனது மதியைக் கதிராகவும் உருவகித்து, நூல் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதைப் பாயிரத்திலேயே காட்டிவிடுகிறார். தமிழ்த்துறை மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்கள் பணித்தபோது, முதல்வகை நூலைப் பற்றி எழுதுவதே முறை என எண்ணினோம். ஆயினும், எமது மேசையின் இழுப்பறையில் ஏறத்தாழ நாற்பதாண்டுகளாக இருந்துவரும் ஒரு சிறு பை, இரண்டாம் வகை நூலைப் பற்றியே எழுதும்படி எம்மைத் தூண்டிக்கொண்டே இருந்தது.

அது ஒரு கையில் அடங்கும் சுருக்குப்பை. வெள்ளை, பச்சை, அரக்கு என மூன்று நிறங்கள் வரி வரியாக மாறி மாறி வரும். வெளிப்புறம் பார்ப்பதற்கு அழகாகவே இருக்கும். உட்புறத்தைத் திருப்பினாலோ, முடிச்சுகள், முடிச்சுகள், முடிச்சுகளே! அம்முடிச்சுகளின் கதைதான் இக்கட்டுரை.

நூலால் எழுந்த ஊர்

எம் இளமை கழிந்த இடம் இராயபுரம். 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி புறப்பட்ட நிலையத்திற்கும், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திற்கும் இடைப்பட்ட சந்து ஒன்றில் எம் வீடு இருந்தது. வடசென்னை என்றதும் துறைமுகமும், எண்ணூர் அனல்மின் நிலையமும், திருவொற்றியூர்த் தொழிற்சாலைகளின் சங்கொலியுமே பலர் நினைவுக்கு வரும். ஆனால் இந்நிலப்பகுதி இரும்பால் எழுந்ததற்கு முன்பே நூலால் எழுந்தது. 1639இல் ஆங்கிலேயக் கம்பெனியார் இக்கரையில் கால் ஊன்றியது துணி வணிகத்திற்காகவே. அத்துணிகளை வெளுத்தோர் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியமர்த்திய ‘காலெட் பேட்டை’, மக்கள் நாவில் காலாடிப்பேட்டையாகி இன்றும் திருவொற்றியூரில் இருக்கிறது.

எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு. அவ்வூர்ப் பெயரால் வழங்கிய கோடும் கட்டமும் இட்ட துணி கடல் கடந்து சென்றது. மலாய் நாட்டவர் இன்றும் கட்டும் கைலிக்குக் ‘காயின் பெலேக்காட்’ என்று பெயர். பழவேற்காட்டின் பெயரே அங்ஙனம் திரிந்தது. நம்மவர் இடுப்பில் கட்டும் பாளையகாட்டுக் கைலியும் அதன் உறவுதான். அதே பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்மணிகள் பனையோலையில் வண்ணப் பெட்டிகள் முடைவதைப் பலர் கண்டிருப்பீர்கள். ஆக, வரி வரியாக நிறம் அமைத்துப் பின்னுவது இக்கடற்கரைக்குப் புதிதன்று.

குரோஷா என்னும் பின்னல்

எம் உம்மா பின்னியது குரோஷாப் பின்னல். பிரெஞ்சு மொழியில் ‘சிறு கொக்கி’ என்று பொருள்படும் சொல்லே நம்மிடம் குரோஷா ஆயிற்று. நுனி வளைந்த ஒற்றை ஊசியும் நூலுமே அதற்கு வேண்டியவை. 1840களில் அயர்லாந்தைப் பெரும்பஞ்சம் வாட்டியபோது அங்குள்ள ஏழைக் குடும்பங்கள் பல, பெண்கள் பின்னிய குரோஷா வேலைப்பாட்டை விற்று உயிர் காத்தன. நம் அண்டை மாநிலத்தில் கோதாவரிக் கரையிலுள்ள நரசாபுரத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இத்தொழிலில் வாழ்ந்து வந்துள்ளனர். நம் சென்னையிலோ, 2016 ஜனவரி 31 அன்று, ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற பெண்கள் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையைக் காட்சிக்கு வைத்துக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றனர். பஞ்சத்தில் பசி தீர்த்த ஊசியே பின்னாளில் பெருமைக்கும் உரியதாயிற்று.

எம் வீட்டிற்குள் அவ்வூசி பசியின் பொருட்டே வந்தது. வாப்பா துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் வந்தது. நூறு தோள்கள் சுமந்ததை ஒரு பாரந்தூக்கி சுமந்தது. நாட்டுக்கு அது வளர்ச்சி, அதில் ஐயமில்லை. ஆனால் வாப்பாவுக்கு வாரத்தில் ஆறு நாள் இருந்த வேலை மூன்று நாளாயிற்று. அப்பொழுதுதான் உம்மா, மண்ணடியிலிருந்த ஒரு வணிகரிடம் நூல் வாங்கித் தொழுகைத் தொப்பி பின்னிக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

தொப்பி பின்னும் முறை எளிது; பொறுமைதான் அரிது. முதலில் நான்கு கண்ணிகளைச் சங்கிலியாகப் பின்னி வளையமாக இணைக்க வேண்டும். வளையத்திற்குள் ஆறு பின்னல், அடுத்த சுற்றில் பன்னிரண்டு, அதற்கடுத்ததில் பதினெட்டு. சுற்றுக்கு ஆறு வீதம் கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். கூட்ட மறந்தால் கிண்ணம்போல் குவியும்; மிகுதியாகக் கூட்டினால் ஓரம் அலையலையாகச் சுருளும். வேண்டிய அகலம் வந்ததும் கூட்டுவதை நிறுத்தினால், சுவர் தானாக எழும். நிறம் மாற்றுவதற்கும் ஒரு நுட்பம் உண்டு. பழைய நிறத்தின் கடைசிப் பின்னலை முடிக்கும் முன்பே, அதன் இறுதிக் கண்ணியைப் புதிய நிறத்தால் இழுத்துவிட வேண்டும். இல்லையேல் வரி ஒழுங்காக அமையாது.

தொப்பியைக் கவிழ்த்துப் பார்த்தால் அது பை. எமக்குப் பதினோரு வயதில் இவ்வுண்மை தென்பட்டது. அதுவே எம் குற்றத்திற்கும் தொடக்கமாயிற்று.

ஒரு முழம், இரு முழம்

கோலிக்குண்டு போட்டு வைக்க எமக்கு ஒரு பை வேண்டியிருந்தது. ‘ஆண் பிள்ளைக்கு எதற்கு ஊசி?’ என்று அண்டை வீட்டார் நகைத்ததுண்டு. காசிமேட்டுக் கரையில் வலை பழுது பார்த்தவர் அனைவரும் ஆடவரே என்பதைக் கண்டு வளர்ந்த எமக்கு அந்நகைப்பு உறைக்கவில்லை. உம்மா உறங்கிய பின் அவர்களது ஊசியை எடுத்துப் பழகினோம். கை பழகியது, நூல் வேண்டுமே! வணிகர் கொடுத்த உருண்டைகளிலிருந்து நாளொரு முழம், இரு முழம் எனக் கத்தரித்துக்கொண்டோம். வெள்ளையில் எடுத்தது தெரியாது என்ற துணிவில் பச்சையிலும் அரக்கிலும் கை வைத்தோம். இரண்டு மாதத்தில் பை முடிந்தது. பாய்ச் சுருளுக்குள் மறைத்து வைத்தோம்.

வணிகர் நூலை எடை போட்டுக் கொடுப்பார். பின்னிய தொப்பிகளையும் மீந்த நூலையும் சேர்த்து எடை போட்டு வாங்குவார். முதல் மாதம் குறைந்தபோது கணக்கர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் கூலியில் நான்கு ரூபாய் பிடித்துக்கொண்டார். அன்றைய எம் வீட்டு நிலையில் நான்கு ரூபாய் சிறு தொகையன்று. ஆனால் எம்மை இன்றளவும் சுடுவது அத்தொகை அன்று. அன்றிரவு உம்மா வாப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்ன சொல்லே எம்மைச் சுடுகிறது:

“யாரையும் குறை சொல்ல முடியாதுங்க. என் கைதான் தளர்ந்துபோச்சு போல. இழை இழுப்பு முன்னைப் போல நிக்கல. கண்ணும் மங்குது.”

அதன்பின், விளக்கை அருகில் வைத்துக்கொண்டு, முடிந்த தொப்பியின் பின்னல்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினார்கள். குறையற்ற தம் கையையே ஐயுற்று நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நூல் திருடினோம் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். ஒரு தாயின் கைத்திறத்தின்மேல் அவருக்கிருந்த நம்பிக்கையைத் திருடிவிட்டோம் என்பது அப்போதுதான் புரிந்தது. எழுந்து சென்று, பாய்ச் சுருளிலிருந்த பையை அவர்கள் மடியில் வைத்துவிட்டு அழுதோம்.

உம்மா அடிக்கவில்லை. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பின்னல் நன்றாக இருந்தது என்பதை அவர்கள் முகமே காட்டியது. ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. “கடைசி நுனி எங்கே இருக்குன்னு தேடு, தம்பி” என்றார்கள். தேடிக் கொடுத்தோம். “இழு” என்றார்கள்.

குரோஷாவின் இயல்பு அது. காசிமேட்டு வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சு. ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்கும். குரோஷாவில் முடிச்சு இல்லை. ஒரு கண்ணியை மறு கண்ணி பற்றியிருக்கும், அவ்வளவே. இறுதி நுனியை விடுவித்து இழுத்தால் அந்நிற வரி முழுவதும் கழன்று வரும். பின்பு அடுத்த நிறம், அதன்பின் அடுத்தது. இரண்டு மாத உழைப்பு, வாப்பா இஷாத் தொழுகை முடித்து எழும் நேரத்திற்குள் மூன்று நிற உருண்டைகளாயிற்று.

அமானிதம்

மறுநாள் எம்மையும் அழைத்துக்கொண்டு மண்ணடிக்கு நடந்தார்கள். மூன்று உருண்டைகளையும் வணிகர் முன் வைத்து, “முதலாளி, இது உங்க அமானிதம். என் வீட்டுல தப்பு நடந்துபோச்சு” என்றார்கள். யார் செய்த தவறு என்று கூறவில்லை. எம்மை அருகில் நிறுத்தியிருந்ததே போதுமாயிருந்தது. வணிகர் எம்மை ஒரு முறை நோக்கினார். கணக்கரை அழைத்து எடை போடச் சொன்னார். குறைந்த எடை ஏறத்தாழ நேர்ந்தது. பிடித்த நான்கு ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னார்.

“நூலைப் பிள்ளையே வச்சுக்கட்டும், தங்கச்சி” என்றார் அவர்.

“வேண்டாம் முதலாளி. கணக்குல வந்தது கணக்குலயே போகட்டும்” என்றார்கள் உம்மா.

சிறிது நேரம் எண்ணிய அவர், “சரி; இனிமே ஒரு முழத்துக்குக் குறைஞ்ச துண்டு நூல் பின்னுறவங்களுக்கே சொந்தம். அதை எடையில் சேர்க்க வேண்டாம்” என்று கணக்கரிடம் கூறினார். எமக்காக மட்டும் அவ்வாறு கூறவில்லை; அவரிடம் நூல் வாங்கிய பெண்கள் அனைவருக்கும் அன்றுமுதல் அதுவே விதியாயிற்று.

அத்துண்டு நூல்களைச் சேர்த்து முடிந்து பின்னியதே எம் மேசையிலுள்ள பை. ஒரு முழத்திற்குக் குறைந்த துண்டுகள் ஆதலால் உட்புறமெங்கும் முடிச்சு. வரிகளும் அளவொத்தவை அல்ல. எந்நிறம் எவ்வளவு கிடைத்ததோ அவ்வளவே வரி. பின்னி முடிக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. இம்முறை ஊசியை எமக்குக் கொடுத்தவர்கள் உம்மாவே. வாயருகே ஒரு சுற்று இடைவெளி விட்டுப் பின்னி, அதில் சங்கிலிப் பின்னலால் ஆன கயிற்றைக் கோத்துக் கொடுத்தார்கள். கோலிக்குண்டு போட எமக்கு மனம் வரவில்லை. உம்மாவிடமே கொடுத்தோம். தம் தஸ்பீஹ் மணியை அதில் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் மறைந்தபின் மணியும் பையும் எம்மிடம் வந்தன.

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயமாகிய அந்நஹ்லில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிய பெண் ஒருத்தி உவமையாகக் கூறப்படுகிறாள். செய்த உடன்படிக்கையை முறிப்போர் அவளைப் போன்று ஆகிவிட வேண்டாம் என்பது அவ்வசனத்தின் எச்சரிக்கை. மதரஸாவில் அதன் பொருள் கேட்டபோது சிறுவயதில் எமக்கு ஓர் ஐயம் எழுந்தது: பிரிப்பது இகழத்தக்கது எனில், உம்மா ஏன் எம்மைப் பிரிக்கச் சொன்னார்கள்? ஆண்டுகள் சென்றபின் விடை தெளிந்தது. அப்பெண் பிரித்தது நேர்மையாக நூற்றதை. எம் பையோ, பின்னும்போதே உடன்படிக்கையை முறித்துப் பின்னப்பட்டது. எடை போட்டுக் கொடுத்த நூல் என்பது சொல்லாமல் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை அன்றோ? அதை மீறியது எம் கத்தரிக்கோல்; அதை மீண்டும் இணைத்தது உம்மா இழுக்கச் சொன்ன நுனி. தவறாகப் பின்னியதைப் பிரிக்கும் துணிவையே தவ்பா என்று எம் உள்ளம் அன்றுமுதல் பொருள் கொண்டது.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களில் பலர் அலுவலகங்களிலும், துறைமுகங்களிலும், கடைகளிலும், வகுப்பறைகளிலும் பிறர் நம்பிக் கொடுத்த பொருளைக் கையாளப் போகிறீர்கள். அலுவலகத் தாளும், கடையின் கல்லாவும், மாணவர்க்கு உரிய மணி நேரமும் எடை போட்டுக் கொடுக்கப்பட்ட நூலே. ‘ஒரு முழந்தானே’ என்று தோன்றும் வேளை வரும். அவ்வேளையில், குறைந்த அந்த முழத்திற்காக எங்கோ ஒருவர் விளக்கடியில் அமர்ந்து, குற்றமற்ற தம் கையை ஐயுற்று எண்ணிக்கொண்டிருப்பார் என்பதை மறவாதீர்கள்.

மண்ணடியில் அக்கடை இன்று இல்லை. உம்மா பின்னிய தொப்பிகள் யார் யார் தலையிலிருந்து எத்தனை ஸஜ்தாக்களில் தரை தொட்டனவோ, அல்லாஹ்வே அறிவான். எம்மிடம் எஞ்சியிருப்பது இப்பை ஒன்றே. அண்மையில் ஒருநாள், சிறு குழந்தைக்கே உரிய ஆசையோடு, எம் பேரக்குழந்தை அதன் நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. நான்கைந்து கண்ணிகள் கழன்றன. பின்பு ஒரு முடிச்சு தடுத்தது. பை நின்றது.