திருகாணித் துளையின் விளிம்பு

ஒரு ரிவால்வர் உயர்ந்ததா சுமாரானதா என்று அறிய அந்தப் பட்டறையில் யாரும் அதைச் சுட்டுப் பார்ப்பதில்லை. முதலில் திருகாணித் துளையைத்தான் பார்க்கிறார்கள். ஜன்னலோரம் ஒரு நீண்ட மேசை. அதன்மேல் தோட்டா நீக்கிய நான்கு சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்கள். மெருகு வேலையிலேயே தலை நரைத்த பெரியவர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினார். முதலாவதில் துளையின் விளிம்பு கூர்மை மாறாமல் நின்றது. இன்னொன்றில் விளிம்பு உள்வாங்கி, சாஸரைப் போலக் குழிந்திருந்தது. “சக்கரத்தில் வைத்து அழுத்தியிருக்கிறார்கள். அவசரம்” என்றார். அதற்குமேல் விளக்கவில்லை. அந்தக் குழிவைப் பார்க்கப் பழகிய பிறகு விளக்கம் தேவைப்படவும் இல்லை.

இடம் கார்தோனே வால் த்ரோம்பியா. இத்தாலியின் வடக்கே, ப்ரெஷா நகருக்கு மேலே சுமார் 20 கிலோமீட்டரில், மெல்லா ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். பள்ளத்தாக்கின் மேற்புறத்தில் இரும்புத் தாது கிடைத்தது. காட்டில் கரிக்கு மரம் இருந்தது, சம்மட்டியை ஓட்ட ஆற்றுத் தண்ணீர் இருந்தது. 1526இல் வெனிஸ் ஆயுதசாலை 185 துப்பாக்கிக் குழல்களுக்காக இவ்வூர் பெரெத்தா குடும்பத்துக்கு 296 டக்கட் கொடுத்த கணக்கு இன்றும் இருக்கிறது. ஐந்து நூற்றாண்டுகளாக இந்த ஊரில் பிள்ளைகள் அரம் பிடித்துப் பழகி வருகிறார்கள்.

அமெரிக்க மாட்டுக்காரனின் கைத்துப்பாக்கி இங்கே எப்படி வந்தது? 1873இல் அமெரிக்க ராணுவத்துக்காகக் கோல்ட் நிறுவனம் செய்த ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’ இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உற்பத்தியிலிருந்து நின்றுபோனது. 1956இல் மறுபடி தொடங்கினார்கள். அதற்குள் தொலைக்காட்சியும் சினிமாவும் அந்தத் துப்பாக்கிமீது பெரிய ஆசையைக் கிளப்பிவிட்டிருந்தன. 1961இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டும் வந்தது. பழைய மாதிரிகளை அப்படியே செய்து தரும் கைகளைத் தேடி வந்த அமெரிக்க வியாபாரிகள் இந்தப் பள்ளத்தாக்கில் அவற்றைக் கண்டார்கள். ஆல்தோ உபெர்த்தி 1959இல் கடை தொடங்கினார். அருகிலுள்ள குஸ்ஸாகோவில் பியெத்தா குடும்பம் வளர்ந்தது. இன்று உலகெங்கும் பழைய மேற்கத்திய பாணிப் போட்டிகளில் சுடுபவர்களின் இடுப்பில் இருப்பதில் பெரும்பங்கு இந்த இரண்டு பெயர்களுடையது. அந்தப் போட்டிக்கு ஆளுக்கு இரண்டு ரிவால்வர் வேண்டும் என்பதால் ஜோடியாகவே வாங்குகிறார்கள்.

சிவகாசி லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்த நமக்கு இத்தாலியிலிருந்து வரும் அமெரிக்க மேற்கு புதிதல்ல. அந்த டெக்ஸும் 1948இல் இத்தாலியர்கள் படைத்தவர்தான். செர்ஜியோ லியோனேயின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தில் ஈலை வாலக் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் புகுந்து, நாலைந்து ரிவால்வர்களைக் கழற்றி, சிலிண்டரைக் காதருகே சுழற்றிக் கேட்டு, ஒன்றின் குழல், இன்னொன்றின் சிலிண்டர் என்று பொறுக்கித் தனக்கொன்று சேர்த்துக்கொள்வார். தரம் பார்ப்பதை இவ்வளவு அழகாக வேறெந்தப் படமும் காட்டியதில்லை. கார்தோனே மேசையிலும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது.

சிங்கிள் ஆக்‌ஷனில் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். விசைக்கு உள்ள ஒரே வேலை அதை விடுவிப்பது. பாகங்கள் குறைவு. ஆகவே குறை ஒளிந்துகொள்ள இடமில்லை. பெரியவர் ஹார்ட்ஃபோர்டில் செய்த கோல்ட்டின் சுத்தியலை மெதுவாக இழுத்தார். நான்கு சொடக்குகள் தனித்தனியாகக் கேட்டன: பாதுகாப்புப் பள்ளம், பாதி இழுப்பு, சிலிண்டரைப் பூட்டும் ஆப்பு விழுவது, முழு இழுப்பு. அடுத்து நடுத்தர விலையுள்ள இத்தாலியத் துப்பாக்கி. அதே நான்கு, கொஞ்சம் முரட்டுத்தனமாக. மூன்றாவது மலிவு ரகம். அதில் ஆப்பு சற்று முந்தி விழுந்து சிலிண்டரை உரசியது. சிலிண்டரைச் சுற்றி நீலம் தேய்ந்து ஒரு வெள்ளி வளையம் விழுந்திருந்தது. நான்காவதான ரூகரில் அந்தச் சொடக்கு வரிசையே இல்லை.

ரூகரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வடிவத்தில் சுத்தியலின் முனை தோட்டாவின்மேல் படிந்து நிற்கும். துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்கலாம். அதனால்தான் விவரமறிந்தவர்கள் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியலுக்கு நேரே காலி அறையை வைத்தார்கள். ரூகர் 1973 முதல் சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவே ஒரு சிறு பட்டையைச் சேர்த்தது. விசையை முழுதாக இழுத்தாலொழிய அடி ஊசியை எட்டாது. ஒடியும் பழைய தகட்டு வில்களுக்குப் பதில் சுருள் வில்களை அது முன்பே வைத்திருந்தது. உயிரைக் காக்கும் மாற்றத்துக்காக ஒரு சத்தத்தை இழந்தால் அது இழப்பே அல்ல. இத்தாலியர்களும் பிற்பாடு உள்வாங்கும் ஊசி போன்ற ஏற்பாடுகளைக் கொண்டுவந்தார்கள்.

உள்ளே இருக்கும் வேலையை இன்று பெரும்பாலும் சி.என்.சி. இயந்திரம் செய்கிறது. அது மலிவு ரகத்துக்கும் விலை கூடியதுக்கும் ஒரே நுணுக்கத்தில்தான் வெட்டுகிறது. அப்படியானால் கோல்ட் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு நல்ல உபெர்த்தி எப்படிக் கிடைக்கிறது? பிராண்டுப் பெயருக்கு ஒரு பங்கு போகிறது, சந்தேகமில்லை. மீதி வித்தியாசத்தை நான் பார்த்தது மெருகு அறையில்தான்.

பக்கத்தில் லுமெத்ஸானே என்ற ஊர் இருக்கிறது, குழாய்க்கும் கரண்டிக்கும் பேர்போனது. உலோகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை இந்த வட்டாரத்தில் நிறைய. இளைஞர்கள் விலகிப்போன இந்தத் தொழிலுக்கு வெளிநாட்டவர்கள் வந்திருக்கிறார்கள். ப்ரெஷா மாவட்டத்தில் பஞ்சாபிகள் அதிகம். எனக்கு வேலையைக் காட்டியவரும் ஹோஷியார்பூர்ப் பக்கத்துக்காரர். என் அரைகுறை இந்தியைப் பொறுத்துக்கொண்டு, “பாயி சாப், கையை இங்கே வையுங்கள்” என்று பிரேமின் பக்கவாட்டில் என் விரலை வைத்தார். பிரேமும் கைப்பிடியின் பித்தளை வளையமும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்குத் தட்டவில்லை. இரண்டையும் பூட்டியபடியே ஒன்றாகத் தேய்த்தால்தான் அப்படி வரும். தனித்தனியாகத் தேய்த்துப் பிறகு பூட்டினால் படி விழும்.

முதலில் பெல்ட், பிறகு கம்பளிச் சக்கரம். மலிவு ரகம் அதோடு முடிகிறது. நல்லதற்கு அதற்குப் பிறகுதான் வேலையே. திருகாணிகளை இறுக்கியபடி வைத்துக்கொண்டு, மரக்கட்டையில் சுற்றிய உப்புத்தாளால், ஒரே திசையில், கீறல் தணியும்வரை. மரக்கட்டைக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. அதனால் சமதளம் சமதளமாகவே இருக்கும், துளையின் விளிம்பு நிற்கும், முத்திரை எழுத்து மழுங்காது. அடுத்து நீலமேற்றினாலும் சரி, நிறம் காட்டினாலும் சரி, அந்தப் பூச்சு எதையும் மறைக்காது. கீழே இருக்கும் ஒவ்வொரு கீறலையும் எடுத்துக் காட்டும்.

பிரேமில் தெரியும் நீலமும் பழுப்பும் சாம்பலுமான திட்டுகள் வண்ணம் அல்ல. எலும்புக் கரியும் மரக் கரியும் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் பாகத்தை வைத்துச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் கொட்டுவார்கள். கரி இரும்பின் மேல்தோலில் ஏறிக் கடினமாக்கும். குளிரும் வேகத்தில் மெல்லிய ஆக்சைடு படர்ந்து நிறம் பிடிக்கும். ஒன்றைப் போல் இன்னொன்று வராது. இன்றைய எஃகுக்கு அந்தக் கடினம் அவசியமில்லை, அழகுக்காகச் செய்கிறார்கள். பல மாதிரிகளில் ரசாயன வழியிலேயே நிறத்தை வரவழைக்கிறார்கள். அருகருகே வைத்தால் அது சற்றுத் தட்டையாகத் தெரியும். தனியே பார்த்தால் பெரும்பாலோருக்குத் தெரியாது.

பஞ்சாபிக்காரர் முகமூடியைக் கழற்றியபோது அது மறைத்த இடத்தைச் சுற்றி முகம் கறுத்திருந்தது. தூசியை உறிஞ்சும் குழாய் ஒவ்வொரு சக்கரத்தடியிலும் இருந்தாலும் முழுதும் போவதில்லை. சக்கரத்தின் அதிர்வை வருடக்கணக்கில் தாங்கிய விரல்கள் குளிர்காலத்தில் வெளுத்து மரத்துப்போகும். உலகெங்கும் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு வரும் நோய் அது. கோப்பையைப் பிடிக்கும்போது தமக்கும் அப்படி ஆவதாக விரல்களை மடக்கிக் காட்டினார்.

மாடியில் செதுக்கு வேலை. ‘புலீனோ’ எனும் சிறு உளியை உள்ளங்கையால் தள்ளி, பூதக்கண்ணாடிக்கு அடியில் புள்ளி புள்ளியாகப் பறவையின் சிறகை ஒரு பெண் எழுப்பிக்கொண்டிருந்தார். செசாரே ஜொவானெல்லி போன்றவர்களின் பட்டறைகளால் உலகப் புகழ்பெற்ற கலை இது. வேலை முடிந்ததும் ஓரத்தில் கையொப்பமிடுவது இங்கே வழக்கம். ஆனால் கடைகளில் கிடைக்கும் லேசர் பூவேலையை இதோடு சேர்க்கக் கூடாது. மெருகு சரியில்லாத தளத்தை மூடவும் அது உதவுகிறது. கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குவது வீண் என்பது என் உறுதியான கருத்து.

ஊரின் அரசுச் சோதனைச் சாலையைக் கடக்காமல் எந்தத் துப்பாக்கியும் விற்பனைக்குப் போகாது. வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட 30 சதவீதம் கூடுதலான தோட்டாவைச் சுட்டு, தாங்கினால் முத்திரையும் ஆண்டைக் குறிக்கும் இரண்டு எழுத்தும் அடிப்பார்கள். மலிவு ரகமும் இதில் தேறியதுதான். பத்திரத்தைப் பொறுத்தவரை மலிவு என்பது மட்டம் என்று ஆகாது.

ஆகவே என் தீர்ப்பு இது. மழையிலும் புழுதியிலும் அன்றாடம் சுழல வேண்டுமானால் ரூகர். பழைய வடிவமும் சத்தமும் வேண்டுமானால், கொடுக்கும் காசுக்கு நடுத்தர இத்தாலிய ரகத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. எடுக்கும்போது திருகாணித் துளையையும் கைப்பிடி சேரும் இடத்தையும் பாருங்கள். கோல்ட் நல்ல துப்பாக்கி, ஆனால் மூன்று மடங்கு நல்லது அல்ல. செதுக்குபவர் கையொப்பமிடுகிறார், சோதனைச் சாலை முத்திரை இடுகிறது. விலையை உயர்த்தும் வேலையைச் செய்கிற மெருகுக்காரருக்கு மட்டும் எங்கும் அடையாளம் இல்லை. கைப்பிடி மரம் மூடும் இடத்தில் ஓர் எழுத்து பொறிக்க இடம் இருக்கிறது. கார்தோனேயின் முதலாளிகள் அதை அவருக்குக் கொடுக்க வேண்டும்.