முக்கூர்த்தி: மழையைச் சேமிக்கும் புல்மலை

தரமணிக்குப் பக்கத்திலேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 1978-ல் அறிவிக்கப்பட்ட கிண்டி தேசியப் பூங்கா. பரப்பளவு 3 சதுர கிலோமீட்டர்கூட இல்லை, சமதளம்தான். மலையும் ஏரியும் சேர்ந்த தேசியப் பூங்காவில் நடக்க ஆசைப்பட்டால், நீலகிரிக்குத்தான் போக வேண்டும். அங்கே இருக்கிறது முக்கூர்த்தி.

தரமணியில் பறக்கும் ரயில் பிடித்து பார்க் டவுனில் இறங்கினால், எதிரே சென்ட்ரல். இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ்ஸிலோ மலை ரயிலிலோ ஊட்டி. ஊட்டிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி நிற்கிறது முக்கூர்த்தி சிகரம். உயரம் 2,554 மீட்டர். தோடர்களுக்கு இது புனித மலை.

சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தக் காடு, 1990-ல் தேசியப் பூங்கா ஆனது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு, ‘காடு எங்கே?’ என்று கேட்கத் தோன்றும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புல்வெளிதான். மேடுகளுக்கு நடுவே உள்ள மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும். அவைதான் சோலைக்காடுகள்.

இந்தப் புல்லைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை இங்கே கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட்டில், அருகிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படிப் பெய்யும் மழையைப் புல்லின் வேர்களும் சோலையின் மண்ணும் உறிஞ்சி வைத்து, மழை ஓய்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளில் விடுகின்றன. முக்கூர்த்தி, பைக்காரா, மேல்பவானி ஏரிகளுக்குத் தண்ணீர் வருவது இப்படித்தான். ஏரி என்று நாம் சொன்னாலும், இவை எல்லாமே மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளின் நீர்த்தேக்கங்கள். பைக்காராவில் 1932-லேயே மின் உற்பத்தி தொடங்கிவிட்டது.

பைக்காரா ஆறு மோயாறாகி பவானியில் கலக்கிறது. பவானி காவிரியில் கலக்கிறது. காவிரித் தண்ணீர் கொள்ளிடம் வழியாக வீராணம் ஏரிக்குப் போய், 2004 முதல் குழாய் வழியே சென்னைக்கும் வருகிறது. அந்தத் தண்ணீர் கிளம்பும் இடங்களில் ஒன்று இந்தப் புல்வெளி.

இதற்கு ஒரு பெரிய ஆபத்து, சீகை மரம். தோல் பதனிடும் தொழிலுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது. இப்போது தானாகவே பரவிப் புல்வெளியை விழுங்குகிறது. புல் போனால் ஓடைகள் மெலியும். மேய இடமின்றி வரையாடும் தவிக்கும். 2024 கணக்கெடுப்பில் தமிழகம் முழுவதும் 1,031 வரையாடுகள்தான் இருந்தன. தோடர்கள் கோயில் வேயத் தேடும் புல்லும் இந்தப் புல்வெளிகளில்தான் விளைகிறது.

இங்கே நினைத்தபடி நுழைய முடியாது. 2018 மார்ச் 11-ம் தேதி, தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ, காற்றடித்தால் மனிதன் ஓடுவதைவிட வேகமாக மேலேறும். அதே ஆண்டு மலையேற்றத்துக்கென தனி விதிகள் வந்தன.

2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்தது. பார்சன்ஸ் வேலியிலிருந்து முக்கூர்த்தி குடிலுக்குப் போகும் பாதையும் அதில் ஒன்று. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். காட்டுத்தீ காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால், கிளம்பும் முன் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி நடக்க நல்ல மாதங்கள். விடியற்காலையில் உறைபனி இருக்கும். ஸ்வெட்டர், குல்லா கட்டாயம். நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால், எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரில் போவதென்றால் இ-பாஸ் அவசியம். தீப்பெட்டியும் லைட்டரும் மட்டும் பையில் வேண்டவே வேண்டாம். மூடுபனி திடீரென இறங்கினால், வழிகாட்டி நில் என்று சொன்ன இடத்திலேயே நில்லுங்கள்.