பரணில் கிடந்த பதில்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சேலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. மாம்பழத்துக்குப் பெயர்போன சேலம் இல்லை, 1692-ல் சூனியக்காரிகள் என்று சொல்லி அப்பாவிகளைத் தூக்கில் போட்ட சேலம். அங்கே சார்ட்டர் தெருவில் ஒரு பழைய இடுகாடு. அதில் ஒரு கல்லறைக் கல்: கேப்டன் ரிச்சர்ட் மோர், வயது 84, இறந்தது 1692, மேஃப்ளவர் யாத்ரீகர்.

மேஃப்ளவர் என்றால் தெரியுமல்லவா? 1620-ல் இங்கிலாந்திலிருந்து 102 பயணிகளோடு கிளம்பி, இன்றைய மாசசூசெட்ஸ் கரையில் ஒதுங்கிய கப்பல். அமெரிக்காவில் "என் முன்னோர் மேஃப்ளவரில் வந்தவர்" என்று சொல்லிக்கொள்வது பெரிய கௌரவம். அந்தக் கப்பலில் வந்தவர்களில், தம் காலத்துக் கல்லறைக் கல் இன்றும் அதே இடத்தில் நிற்கும் ஒரே மனிதர் இந்த ரிச்சர்ட் மோர்தான்.

சரி, குடும்ப வரலாறு தேடும் ஒருவர் இந்தக் கல்லைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 84, இறப்பு 1692, எனவே பிறப்பு 1608. கணக்கு சரி. ஆனால் விடை தப்பு!

இறந்த ஆண்டும் மேஃப்ளவர் பெயரும் பிற்காலத்தில் யாரோ செதுக்கிச் சேர்த்தவை. 1694-ல் ரிச்சர்ட் மோர் உயிரோடு இருந்ததற்கு ஆவணம் இருக்கிறது. 84 என்ற வயதும் பொருந்தவில்லை. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. லெட்ஜரில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் வவுச்சர் எங்கே என்று ஆடிட்டர் கேட்பார். வம்சாவளி தேடுவதும் கிட்டத்தட்ட ஆடிட்டிங்தான். 1897-ல் தொடங்கிய மேஃப்ளவர் வழித்தோன்றல்கள் சங்கத்தில் சேர வேண்டுமென்றால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு என்று சான்று காட்ட வேண்டும். "எங்க பாட்டி சொன்னாங்க" என்பது அங்கே செல்லாது.

கல்லை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வருவோம்.

முதல் காகிதம், பிளிமத் குடியேற்றத்தின் கவர்னராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி. அதற்கே தனிக் கதை உண்டு. எப்படியோ அமெரிக்காவை விட்டுப் போய், 1855-ல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, 1897-ல்தான் மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது. அதில் கப்பலில் யார் யார் வந்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில், அம்மா அப்பா பெயர் இல்லாமல், மற்றவர்கள் குடும்பங்களில் "ஒப்படைக்கப்பட்ட" நான்கு குழந்தைகள் வருகிறார்கள். எலினோர், எட்வர்ட் வின்ஸ்லோ வீட்டில். ஜாஸ்பர், ஜான் கார்வர் வீட்டில். ரிச்சர்டும் இன்னொரு குழந்தையும் வில்லியம் ப்ரூஸ்டர் வீட்டில். அந்த இன்னொரு குழந்தையை பிராட்ஃபோர்ட் ரிச்சர்டின் சகோதரன் என்று எழுதிவிட்டார். உண்மையில் அது தங்கை மேரி. கூடவே வாழ்ந்த கவர்னரே நினைவிலிருந்து எழுதும்போது பெண் குழந்தையை ஆணாக்கிவிட்டார்!

இரண்டாவது காகிதம், 1684-ல் ரிச்சர்ட் கொடுத்த வாக்குமூலம். அது ஏதோ நில விவகாரம். அதில் போகிற போக்கில் இரண்டு விஷயம் சொல்கிறார். தனக்கு வயது சுமார் 70. 1620-ல் லண்டனில் தாமஸ் வெஸ்டன் என்ற இரும்பு வியாபாரி வீட்டில் இருந்து, அங்கிருந்துதான் பிளிமத்துக்கு அனுப்பப்பட்டார்.

மூன்றாவது காகிதம், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஷிப்டன் என்ற சின்ன ஊரின் தேவாலய ஞானஸ்நானப் பதிவேடு. எலினோர் 1612, ஜாஸ்பர் 1613, ரிச்சர்ட் 1614, மேரி 1616. வரிசையாக நான்கு பெயர்கள். தகப்பன் பெயர் சாமுவேல் மோர். 1614-ல் பிறந்தவருக்கு 1684-ல் வயது 70. பொருந்துகிறது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம். சாமுவேல் மோர் ஏழை இல்லை. லின்லி என்ற ஊரின் நிலச்சுவான்தார் வீட்டு வாரிசு. பிரிவி கவுன்சில் உறுப்பினரான ஸூச் பிரபுவின் செயலாளர். அப்படிப்பட்ட மனிதர் 8, 7, 5, 4 வயதுக் குழந்தைகளை முன்பின் தெரியாதவர்களோடு ஏன் கப்பல் ஏற்றினார்? பெயர்கள் ஒத்துப்போவதால் மட்டும் இவர்கள்தான் அவர்கள் என்று சொல்லிவிட முடியுமா?

இதற்கான விடை 1959-ல் ஒரு பரணில் கிடைத்தது.

அந்த வருடம் லின்லி வீட்டில் இருந்தவர் ஜாஸ்பர் மோர், அதே மோர் குடும்பத்துக்காரர். (அடுத்த வருடம் பாராளுமன்ற உறுப்பினர் ஆனார்.) அவருக்கு அந்தோணி வாக்னர் என்று ஒரு நண்பர், வம்சாவளி ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டவர். நண்பர் தூண்ட, ஜாஸ்பர் பரணில் ஏறிப் பழைய காகிதங்களைக் கிளறினார். 1622-ம் வருடத்து ஆவணம் ஒன்று வந்தது. சாமுவேல் மோர் கொடுத்த விளக்கம் அது. அடுத்த ஆண்டே வாக்னர் அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஆவணம் சொல்லும் கதை இதுதான். 1611-ல் சாமுவேலுக்குத் தன் உறவுப் பெண்ணான கேத்தரின் மோரைக் கட்டி வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு 17, பெண்ணுக்கு 25. காரணம் சொத்து. கேத்தரின் வீட்டில் ஆண் வாரிசு இல்லை. லார்டன் எஸ்டேட் வெளியே போய்விடக் கூடாது. சொத்து வெளியே போகக் கூடாது என்பதற்காக முறைக்குள் முடிச்சுப் போடுவது நமக்குத் தெரியாத விஷயமா என்ன?

சாமுவேல் பெரும்பாலும் லண்டனில். நான்கு குழந்தைகள் பிறந்தன. 1616-ல் சாமுவேல் ஒரு முடிவுக்கு வந்தார். குழந்தைகளின் முகச்சாயல் தன்னுடையது இல்லை, பக்கத்தில் வசிக்கும் ஜேக்கப் பிளேக்வே என்பவனுடையது! கேத்தரின் மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே பிளேக்வேயோடு தனக்கு நிச்சயம் ஆகியிருந்தது என்றார். அதற்குச் சாட்சி காட்ட முடியவில்லை.

சாமுவேல் குழந்தைகளைச் சொத்துரிமையிலிருந்து நீக்கி, தாயிடமிருந்து பிரித்து, தன் தகப்பனாரின் குத்தகைதாரர் வீட்டில் வைத்தார். கேத்தரின் அங்கே போய்ச் சண்டை போட்டார், குழந்தைகளைப் பிடித்து இழுத்ததில் அவர்கள் உடை கிழிந்தது என்கிறது சாமுவேலின் விளக்கம். தாயின் தரப்பு நம் கையில் இல்லை, எழுதியது எதிர்க்கட்சி என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். கேத்தரின் கோர்ட் படியும் ஏறினார். சட்டம் கணவன் பக்கம் நின்றது. 1620 கோடையில் குழந்தைகள் லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டு ஒப்படைக்கப்பட்டார்கள். ஒப்படைக்கப்பட்டவர்களில் ஒருவர் பெயர் தாமஸ் வெஸ்டன்.

கவனித்தீர்களா? 1684-ல் அமெரிக்காவில் ஒரு கிழவர் ஏதோ வழக்கில் சொன்ன பெயரும், 1622-ல் இங்கிலாந்தில் எழுதிப் பரணில் போட்ட பெயரும் ஒன்று. ஒன்றை எழுதியவர் மற்றதைப் பார்த்திருக்க முடியாது. இப்படி இரண்டு தனித்தனி ஆவணம் ஒரே இடத்தில் வந்து சந்திப்பதைத்தான் ஆடிட்டர்களும் தேடுகிறார்கள்.

வெஸ்டன் அந்தப் பயணத்துக்கு முதலீடு திரட்டிய வியாபாரி. பிளிமத் குடியேற்றத்தை மதப் பயணமாக மட்டுமே படிக்கிறோம். அது ஒரு கூட்டுப் பங்குத் தொழிலும்கூட. ஒரு பங்கு 10 பவுண்டு. 16 வயதுக்கு மேல் உள்ள ஆள் கப்பல் ஏறினால் அவரே ஒரு பங்கு. 10 முதல் 16 வயது வரை இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு பங்கு. 7 வருடம் கழித்து எல்லாவற்றையும் பிரித்துக்கொள்வது. 10 வயதுக்குக் கீழே? பங்கே கிடையாது. கடைசியில் 50 ஏக்கர் உழாத நிலம், அவ்வளவுதான். மோர் குழந்தைகள் நால்வரும் 10 வயதுக்குக் கீழே. சாமுவேல் செய்துகொண்ட ஏற்பாட்டிலும் 7 வருடத்துக்குப் பிறகு தலைக்கு 50 ஏக்கர் என்றுதான் இருக்கிறது.

அந்த நிலத்தை வாங்க மூன்று பேர் இல்லை. ஜாஸ்பர் 1620 டிசம்பரில் கப்பலிலேயே இறந்தான். எலினோரும் மேரியும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அந்தக் குளிரில் கப்பலில் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் செத்தார்கள். பிழைத்தது ரிச்சர்ட் மட்டும்.

அவர் வளர்ந்து மாலுமி ஆனார். 1636-ல் கிறிஸ்டியன் ஹன்டர் என்ற பெண்ணை மணந்து, சேலத்துக்குக் குடிபோய், பிள்ளைகள் பெற்றார். வம்சாவளி தேடுபவர்கள் இங்கே சந்தோஷமாக நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் பதிவேடுகளைத் திறந்தால் வேண்டியது மட்டுமா வரும்? 1645-ல் லண்டன் ஸ்டெப்னி தேவாலயத்தில் ரிச்சர்ட் மோர் எலிசபெத் வுல்னோ என்ற பெண்ணை மணந்ததாக ஒரு பதிவு இருக்கிறது. மாலுமி, நியூ இங்கிலாந்தின் சேலத்தைச் சேர்ந்தவர் என்று ஊர் பேரோடு. சேலத்தில் மனைவி உயிரோடு இருந்தார்! 1688-ல், 70 வயதைத் தாண்டிய பிறகு, இன்னொருவர் மனைவியோடு தொடர்பு என்று சேலம் திருச்சபை அவரை விலக்கி வைத்தது. 1691-ல் மன்னிப்புக் கேட்க, திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். எந்தக் குற்றச்சாட்டால் 5 வயதில் தாயை இழந்தாரோ, அதே குற்றச்சாட்டு கடைசியில் அவர் மேலேயே வந்து விழுந்தது.

மோர் குடும்ப மரம் மேல்நோக்கிப் போனால் அரச வம்சம் வரை எட்டும் என்று வாக்னரும் அவருக்குப் பின் வந்தவர்களும் காட்டியிருக்கிறார்கள். ரிச்சர்டின் வழித்தோன்றல்களுக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்த வழி போவது கேத்தரின் பக்கமாக. சாமுவேல் தகப்பன் இல்லை என்று ஆனபிறகு, குடும்ப மரத்தைத் தாங்கி நிற்பது ஊர் தூற்றிய தாய்தான்.

சாமுவேல் மோர் அதன் பிறகும் நன்றாகத்தான் இருந்தார். மறுமணம், பிள்ளைகள். உள்நாட்டுப் போரில் 1644-ல் ஹாப்டன் கோட்டைக்குத் தலைமை தாங்கினார். சரணடைந்த வீரர்கள் கொல்லப்பட, அவர் மட்டும் பிழைத்தார். பின்னால் பாராளுமன்றத்துக்கும் போனார். 1662-ல் இறந்தார். ஷிப்டன் தேவாலயத்தில் இப்போது நான்கு குழந்தைகளுக்கும் ஒரு நினைவுப் பலகை உண்டு. 1996-ல் மேஃப்ளவர் சங்கத்தார் வைத்தது.

கடைசியாக அந்த 1622 ஆவணத்தைப் பற்றி ஒன்று. நடந்ததை ஊருக்குச் சொல்ல வேண்டிய அவசியம் சாமுவேலுக்கு இருக்கவில்லை. குழந்தைகள் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் கேத்தரின் தலைமை நீதிபதியிடம் ஒரு மனு கொடுத்தார். என் குழந்தைகளை என்ன செய்தார்கள் என்று அதில் கேட்டிருந்தார். அதற்குப் பதிலாகத்தான் சாமுவேல் அந்த விளக்கத்தை எழுதினார். அவர் கேட்டபோது நால்வரில் மூவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தத் தாய் கேட்காமல் இருந்திருந்தால், 337 வருடம் கழித்துப் பரணில் எடுப்பதற்கு ஒரு காகிதம் இருந்திருக்காது.