ஒரு துளி ஈயம்

தொலைக்காட்சிப் பெட்டியில் படம் மறைந்துவிட்டால் நம்மவர் முதலில் செய்வது அதன் தலையில் ஓங்கி ஓர் அடி கொடுப்பதுதான். வியப்பு என்னவென்றால், பல வேளைகளில் படம் திரும்பி வந்துவிடும். அடித்தால்தான் பணியும் என்று, பெட்டிக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்புவார்கள். உண்மை வேறு. உள்ளே ஏதோ ஓர் உதிரிப்பாகத்தின் காலைப் பலகையோடு பிணைத்திருக்கும் ஈயப்பற்று விரிசல் கண்டிருக்கிறது. அடியின் அதிர்வில் பிரிந்த முனைகள் ஒரு கணம் தொட்டுக்கொள்கின்றன. அவ்வளவுதான். விரிசல் அப்படியேதான் இருக்கிறது.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். என் வாழ்வில் நான் மறக்க முடியாத பாடத்தைப் புகட்டியது அப்படிப்பட்ட மயிரிழை விரிசல் ஒன்றுதான். சொல்ல வெட்கமாயிருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியபோது, கடல் கடந்து வரும் அந்த அலைகளைப் பிடிப்பதற்காக வசதி படைத்த சில வீட்டு மாடிகளில் உயர உயரமாய் இரும்புக் குழாய்கள் முளைத்தன. அவற்றின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டித் திசை பார்த்துத் திருப்பும் வேலைக்கு, உயரத்துக்கு அஞ்சாத பையன் ஒருவன் தேவைப்பட்டான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்த நான் அப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் ஏறினேன், இறங்கவே இல்லை.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணாச்சியிடம் 16 மி.மீ. படக்கருவி ஒன்று இருந்தது. தவக்காலம் வந்தால் ஊர் ஊராகச் சென்று, கோயில் திடல்களில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டுவார். அந்தக் கருவியின் ஒலி பிறக்கும் விதம் எனக்கு அந்நாளில் ஓர் அதிசயம். படச்சுருளின் ஓரத்தில் ஒரு கோடு ஓடும், அதுவே ஒலி. சிறு விளக்கொன்றின் ஒளி அந்தக் கோட்டை ஊடுருவி ஓர் ஒளிக்கண்மீது விழும். கோட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஒளி கூடிக் குறையும். அந்தக் கூடலும் குறைதலும் மின்சாரமாகி, ஒலிபெருக்கியில் குரலாகிவிடும். நொடிக்கு 24 படங்கள் ஓடும் அந்தச் சுருளில், ஒவ்வொரு படத்துக்கும் உரிய ஒலி அதற்கு 26 படங்கள் முன்னதாகவே பதிக்கப்பட்டிருக்கும் என்று அண்ணாச்சி சொன்னபோது, ஒரு நொடி முன்னே செல்லும் அந்தக் குரலை எண்ணி இரவெல்லாம் தூங்காமல் கிடந்தேன்.

ஓர் இரவு, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலி நின்றுவிட்டது. திரையில் உதடுகள் அசைந்தன. திடலில் கூச்சல் எழுந்தது. ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது என்று கூட்டம் தீர்ப்புச் சொன்னது. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒலிக்கான அந்தச் சிறு விளக்கு எரியவில்லை. "பல்பு போச்சு அண்ணாச்சி" என்று புதியது தேடி ஓடினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். விளக்கைக் கழற்றி மீட்டரில் வைத்தார், முள் அசைந்தது. விளக்கு நன்றாகவே இருந்தது. அது அமரும் குழியில், உப்புக்காற்று பட்டுப் பச்சைப் பாசியாய்க் களிம்பு படிந்திருந்தது. பிளேடால் சுரண்டிவிட்டுத் திரும்ப மாட்டினார். ஒலி வந்தது.

"விளக்கு எரியலைன்னா உடனே விளக்கைக் குத்தம் சொல்லாதே தம்பி. அதுக்கு வரவேண்டியது வந்து சேர்ந்துதான்னு முதல்ல பாரு" என்றார்.

பழுது பார்ப்பதோடு, பழுதான பெட்டியிலிருந்து நல்ல பாகங்களைப் பிரித்தெடுக்கும் கலையையும் அவரே கற்பித்தார். அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. மின்இணைப்பைப் பிடுங்கிய பின்னும் பெட்டி செத்துவிடுவதில்லை. பெரிய கண்டன்சர்களிலும் பிக்சர் டியூபின் உள்ளேயும் மின்னேற்றம் தேங்கி நிற்கும். கறுப்பு வெள்ளைப் பெட்டியின் டியூபிலேயே 10,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். வண்ணப் பெட்டியில் அது 20,000-ஐத் தாண்டும். முதலில் அதை முறையாகத் தரைக்கு இறக்கவேண்டும். டியூபைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கலாகாது. கண்ணாடி முகத்தை மார்போடு அணைத்துத் தூக்கவேண்டும். பிறகு ஈயத்தை உருக்கி உறிஞ்சி, டிரான்சிஸ்டர்களையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஸ்பீக்கரையும் கால் முறியாமல் எடுக்கலாம்.

எடுக்கக்கூடாதவையும் உண்டு. அலுமினியக் குப்பி போன்ற பழைய கண்டன்சர்களின் உள்ளிருக்கும் ஈரம் ஆண்டுகள் செல்லச் செல்ல வற்றிவிடும். சில உப்பி வெடிக்கும். அவற்றை இன்னொரு பெட்டியில் வைப்பது நோயை ஏற்றுமதி செய்வதாகும். செம்புக்காக வயர்களைக் கொளுத்துவதையும் டியூபை உடைப்பதையும் அண்ணாச்சி கண்டிப்பாய்த் தடுத்தார். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. இத்தகைய மின்னணுக் கழிவுகளுக்கென நம் நாட்டில் 2011-இல்தான் தனி விதிகள் வந்தன. அவரோ அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, கடலில் எறியாதே, மண்ணில் புதைக்காதே என்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சி மறைந்தபின் நான் தனிக்கடை வைத்தேன். அது 1993. ஊரின் மேற்குத் தெருவிலிருந்து அறுபது வயதைக் கடந்த ஒரு அம்மா ஆள் அனுப்பியிருந்தார். அவருடைய கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் இருபது அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்றை வாங்கி, இரண்டு ஆண்டுகளே அதைப் பார்த்துவிட்டு இறந்துபோனார். மகன் கப்பலில். வீட்டில் அந்த அம்மாவும் பெட்டியும் மட்டும்தான்.

"சத்தம் வருது தம்பி, படம் இல்லை. நாலு மாசமா சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

பின்மூடியைக் கழற்றினேன். பிக்சர் டியூபின் கழுத்தில் செந்நிறமாய்ச் சுடர வேண்டிய இழை இருண்டு கிடந்தது. பையில் மீட்டர் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அன்று காலைதான், இதே அளவு டியூபுக்காக வேறொருவர் என் கடையில் முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த எண்ணம் என் கையைத் தடுத்ததா, அல்லது வெறும் சோம்பலா என்று நான் பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். என் மனசாட்சி சொல்லும் விடை எனக்குச் சாதகமாக இல்லை.

"டியூப் போயிட்டுதும்மா. புதுசு போட்டா பெட்டி விலை ஆயிடும். இனி இது ஆகாது" என்றேன்.

பழைய சாமான் விலைக்கு இருநூறு ரூபாய் கொடுத்துப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா அதன்மேல் விரித்திருந்த பூவேலைத் துணியை மடித்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார், வேறொன்றும் சொல்லவில்லை.

கடையில் வைத்து டியூபின் இழையில் மீட்டரை வைத்தேன். முள் அசைந்தது. அன்று கோயில் திடலில் அண்ணாச்சியின் கையில் அசைந்ததுபோலவே அசைந்தது. டியூப் நன்றாக இருந்தது. அப்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்குத் தெருவுக்கு நடந்திருக்கவேண்டும். நான் நடக்கவில்லை. டியூபை அந்த மற்றவர் பெட்டியில் பொருத்தி, நல்ல தொகையும் பெற்றுக்கொண்டேன். விலைக்கு வாங்கிய பொருள், என் உரிமை என்று எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே விடுதலையும் அளித்துக்கொண்டேன்.

மூன்று வாரம் சென்று, மீதிப் பாகங்களைப் பிரிப்பதற்காக அந்தப் பலகையைத் திருப்பினேன். உயர்மின் அழுத்தத்தை உண்டாக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு காலைச் சுற்றி, ஈயத்தில் வட்டமாய் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அந்த டிரான்ஸ்ஃபார்மர் கனமானது. சூடேறி ஆறும்போதெல்லாம் ஈயப்பற்று விரிந்து சுருங்கும். நாளடைவில் களைத்து வெடிக்கும். அந்தப் பெட்டியில், டியூபின் இழைக்கு மின்சாரம் தருவதும் அதே டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு சுற்றுதான். ஒலிப்பகுதிக்கு மின்சாரம் வேறு வழியில் செல்வதால் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. டியூபுக்கு வரவேண்டியது வந்து சேரவில்லை. அதைத்தான் நான் செத்துவிட்டது என்று சொன்னேன்.

பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி அந்த இடத்தில் ஒரு துளி ஈயம் வைத்தேன். புகை எழுந்து அடங்குவதற்குள் விரிசல் மறைந்துவிட்டது. பத்துக் காசு பெறாத ஈயம். பத்து நிமிடம் பிடிக்காத வேலை.

அன்றிரவு கடையைப் பூட்ட மனம் வரவில்லை. பொய் சொல்வது ஒரு குற்றம். சோதிக்காமல் சொல்வது அதைவிடத் தந்திரமான குற்றம். பொய்யனுக்குத் தான் பொய்யன் என்பது தெரியும். சோதிக்காமல் சொல்பவனோ, தனக்கு ஆதாயமான ஒன்றை உண்மை என்று நம்ப வைத்துக்கொள்கிறான்.

டியூபைத் திரும்பக் கேட்க வழியில்லை. வேறொன்றைத் தேடினேன். பழைய இரும்புக் கடைகளில் கிடந்த செத்த பெட்டிகளை ஒவ்வொன்றாய்த் திறந்து, இம்முறை மீட்டர் இல்லாமல் ஒன்றையும் தொடாமல், சோதித்தேன். ஒன்றில் டியூபின் ஒளி மங்கியிருந்தது. ஒன்றில் கழுத்தில் கீறல். ஏழாவது பெட்டி மின்னல் தாக்கியது. பலகை முழுவதும் கரிந்திருந்தது, டியூப் மட்டும் பிழைத்திருந்தது. அதைப் பொருத்தினேன். வற்றிய கண்டன்சர்களை நீக்கிப் புதியவை வைத்தேன். ஒரு குமிழ் உடைந்திருந்தது. அதையும் வேறொரு பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினேன். இரண்டு மாதம் ஆயிற்று.

பெட்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டி மேற்குத் தெருவுக்குத் தள்ளிச் சென்றேன். முதலில் உண்மையைச் சொல்லிவிடவேண்டும், படத்தைக் காட்டிவிட்டுச் சொன்னால் அது லஞ்சம் என்று வழியெல்லாம் எனக்குள் சொல்லிக்கொண்டேன். வாசலிலேயே நின்று சொன்னேன். டியூப் கெடவில்லை என்பதை, அது தெரிந்தபின்னும் நான் விற்றதை, இது வேறு டியூப் என்பதை.

அந்த அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவுக போனபிறகு வீட்ல பேசிக்கிட்டு இருந்தது இது ஒண்ணுதான். நீ சொன்ன ஒத்தை வார்த்தையை நம்பித்தானே தம்பி தூக்கிக் கொடுத்தேன்."

உள்ளே சென்று, முந்தானை முடிச்சிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்துவந்து என் கையில் வைத்தார். வேண்டாம் என்றேன். "அது உன் காசு. வாங்கிக்கோ" என்றார். என் வாழ்வில் நான் வாங்கிய தொகைகளில் மிகவும் கனத்தது அதுதான். பெட்டியை அதன் பழைய இடத்தில் வைத்துப் போட்டேன். படம் வந்தது. அவர் அந்தப் பூவேலைத் துணியை எடுத்துவந்து மேலே விரித்தார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதன்பின்னும் அவர் வீட்டு வேலைகளுக்கு என்னையே அழைத்தார். இஸ்திரிப் பெட்டியோ வானொலியோ எதைத் தொட்டாலும், என் அருகில் நின்று ஒரே கேள்வி கேட்பார்: "மீட்டர் வச்சுப் பாத்தியா, தம்பி?" இறக்கும்வரை கேட்டார்.

காலம் மாறிவிட்டது. கண்ணாடி டியூப்கள் போய்த் தட்டையான திரைகள் வந்துவிட்டன. பழைய ஆன்டெனாக் குழாய்களில் இப்போது துணி உலர்கிறது. சென்ற ஆண்டு, பள்ளியில் பணிபுரியும் ஓர் இளைஞர் எல்.ஈ.டி. பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். திரையே போய்விட்டது, எடைக்குப் போடுங்கள் என்று வேறொரு கடையில் சொல்லிவிட்டார்களாம். சத்தம் வந்தது, படம் இல்லை.

கடையின் விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கின் ஒளியைத் திரையில் சாய்வாகப் பாய்ச்சினேன். "உற்றுப் பாருங்கள்" என்றேன். கறுத்துக் கிடந்த அந்தத் திரைக்குள், மங்கலாய், யாரோ நடந்து சென்றுகொண்டிருந்தார்கள். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து ஒளி தரவேண்டிய சிறு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கோக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று அறுந்ததால் வரிசை முழுவதும் அணைந்துவிட்டது. ஒரு பட்டையை மாற்றினேன், திரை ஒளிர்ந்தது.

இனி ஆகாது, இது தேறாது என்று நாம் எத்தனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பெட்டிகளைப் பற்றி மட்டுமா சொல்கிறோம்? உண்மையாகவே தேறாதவையும் உண்டு. அதை மறைப்பவன் நல்ல தொழிலாளி அல்லன். ஆனால் அதைச் சொல்லுமுன் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு வரவேண்டியது வந்து சேர்ந்ததா? அந்தக் கேள்வியை என் ஆசான் கற்பித்தார்; நான் மறந்தேன். மேற்குத் தெருவில் ஒரு அம்மா அதை எனக்குத் திரும்பவும் கற்பித்தார். இன்றும் ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து வாய் திறக்கப் போகும்போதெல்லாம், என் தோளருகில் அவர் குரல் கேட்கிறது.